திக்குவாயர் எனப் பெயர் பெற்ற கணித மேதை



வீட்டிற்குப் பின்னால் ஒரு கீரைப்பாத்தி இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். அதன் நீளம் அகலத்தைவிட 3 அடி கூடுதல். பாத்தியின் பரப்பளவு 40 சதுர அடி. அப்படியாயின் அதன் அகலம் எத்தனை அடி? ஆறாம் ஆண்டு மாணவர் ஒருவர் சில எண்களை மனத்துக்குள் பெருக்கிப் பார்த்து, அகலம் 5 அடி, நீளம் 8 அடி என்று விடை கூறிவிடுவார். மிக நன்று. ஆனால், பரப்பளவு 40க்குப் பதிலாக 41 சதுர அடியாக இருந்தால் என்ன செய்வது? முழு எண் எதுவும் அப்பொழுது பொருந்தி வராது. ஊகம் நின்றுவிடும் அவ்விடத்தில்தான் விதி நமக்குக் கைகொடுக்கின்றது.

இவ்வகைக் கணக்கினை இருபடிச் சமன்பாடு என்பர். நாம் அறிய விரும்பும் எண், தன்னைத் தானே பெருக்கிக்கொண்டு வர்க்கமாகக் கணக்கினுள் வருவதால் இப்பெயர் ஏற்பட்டது. இதற்குரிய விதியை அறிஞர் பலர் பல காலத்தில், பல நாடுகளில் கண்டு கூறினர். ஆனால், இதற்கு அடுத்த படியாகிய முப்படிச் சமன்பாடு நெடுங்காலம் பூட்டிய கதவாகவே இருந்து வந்தது. அக்கதவைத் திறந்தவர்களுள் ஒருவர், இளமையிலேயே தந்தையை இழந்து, வாளால் வாய் சிதைந்து, எழுத்துகளை முழுமையாகக் கற்கவும் காசில்லாமல் வளர்ந்தவர் என்றால் வியப்பாக இருக்கின்றதல்லவா? அவரே நிக்கோலோ தார்த்தாலியா. அன்னாருடைய வாழ்க்கையை இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

இருபடியின் விதி

அவருடைய வரலாற்றுக்குள் புகுமுன், பாத்திக் கணக்கை விதிப்படி தீர்த்துப் பார்ப்போம். பெரிய வகுப்பு மாணவர்கள் தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொள்ளலாம். சிறியவர்கள் அண்ணன் அக்காளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

அகலத்தை ய என்று கொள்வோம். அப்படியாயின் நீளம் ய + 3 ஆகும். இரண்டையும் பெருக்கினால் 40 வருதல் வேண்டும். ஆகவே, ய² + 3ய = 40. இரு பக்கங்களையும் 4ஆல் பெருக்கினால், 4ய² + 12ய = 160 என்றாகும். இனி இரு பக்கங்களிலும் 9ஐக் கூட்டுவோம். 4ய² + 12ய + 9 = 169. இப்பொழுது ஒரு புதுமை நிகழ்கின்றது. இடப்பக்கம் முழுவதும் 2ய + 3 என்பதன் வர்க்கமாக அமைந்துவிடுகின்றது. வலப்பக்கமோ 13இன் வர்க்கம். எனவே 2ய + 3 = 13 ஆகும். ஆகவே 2ய = 10; ய = 5. குறைவாக நின்ற ஒரு சதுரத்தை நிரப்பி முழுச் சதுரமாக்குவதே இம்முறையின் உயிர்நாடியாகும்.

ஒவ்வொரு கணக்குக்கும் இவ்வாறு சதுரத்தை நிரப்பிக் கொண்டிராமல், ஒரே முறை பொதுவாகச் செய்து வைத்துக்கொண்டால் அதுவே சூத்திரம். கய² + சய + த = 0 என்பது பொது வடிவம். இதில் க, ச, த ஆகியவை நாம் முன்னரே அறிந்த எண்கள். க என்பது 0 ஆகாது. விடை வருமாறு:

ய = [ −ச ± √(ச² − 4 × க × த) ] ÷ (2 × க)

நமது பாத்திக் கணக்கில் க = 1, ச = 3, த = −40. வர்க்கமூலக் குறிக்குள் இருப்பது 9 + 160 = 169. அதன் வர்க்கமூலம் 13. ஆகவே ஒரு விடை (−3 + 13) ÷ 2 = 5. மற்றொரு விடை (−3 − 13) ÷ 2 = −8. சமன்பாட்டுக்கு −8உம் பொருந்தும். ஆயினும் பாத்தியின் அகலம் குறை எண்ணாக இருத்தல் இயலாது. ஆதலின் அதனை விலக்கிவிடுகிறோம். பரப்பளவு 41 சதுர அடியாயின் வர்க்கமூலக் குறிக்குள் 173 வரும். அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 13.15. அகலம் 5 அடிக்குச் சற்றே அதிகம், அதாவது ஏறத்தாழ 5.08 அடி. ஊகத்துக்கு எட்டாத விடையைச் சூத்திரம் எவ்வளவு எளிதாக எடுத்துத் தந்துவிட்டது பார்த்தீர்களா?

ஏறத்தாழ 4000 ஆண்டுகளுக்கு முன்பே பாபிலோனியர் இத்தகைய கணக்குகளைக் களிமண் பலகைகளில் எழுதித் தீர்த்துள்ளனர். இந்தியாவில் பிரம்மகுப்தர் 628ஆம் ஆண்டில் இயற்றிய தம் நூலில் இருபடிக்குரிய விதியைச் சொற்களாலேயே விளக்கிக் கூறினார். 820ஆம் ஆண்டையொட்டி, பாக்தாத் நகரில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி, சதுரங்களை வரைந்து காட்டி அதனைத் தெளிவுபடுத்தினார். இவ்வாறு இருபடி வசப்பட்டது. ஆனால் முப்படியோ எவர் கைக்கும் அகப்படவில்லை. பாரசீகக் கவிஞரும் கணித அறிஞருமான உமர் கய்யாம் வளைகோடுகளின் துணைகொண்டு விடை காண வழி கூறினாரேயன்றி, எண்களால் ஆன சூத்திரம் கிட்டவில்லை. 1494ஆம் ஆண்டில் வெனிஸ் நகரில் அச்சான லூக்கா பச்சோலியின் பெருநூலும் முப்படிக்குப் பொதுவிதி காணப்படவில்லை என்றே கூறியது. அந்நூல் வெளிவந்த சில ஆண்டுகளில் பிறந்த ஒரு குழந்தைதான், பின்னாளில் அவ்விதியைக் கண்டது.

இளமையும் துன்பமும்

இன்றைய இத்தாலியின் வடபகுதியில் பிரேஷா என்றொரு நகரம் உண்டு. அக்காலத்தில் அது வெனிஸ் குடியரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அந்நகரில் 1500ஆம் ஆண்டையொட்டி நிக்கோலோ பிறந்தான். தந்தை மிக்கேலே, குதிரைமீது ஏறி ஊர் ஊராகச் சென்று கடிதங்களைக் கொண்டு சேர்க்கும் தொழிலாளி. பெருஞ்செல்வம் இல்லாவிடினும் குடும்பம் உழைப்பால் வாழ்ந்து வந்தது. நிக்கோலோவுக்கு ஆறு வயதிருக்கும்போது பேரிடி ஒன்று விழுந்தது. கடிதம் கொண்டு சென்ற தந்தை வழியில் கொலையுண்டார். தாயும் பிள்ளைகளும் ஆதரவற்றுப் போயினர்.

அத்துடன் துன்பம் நிற்கவில்லை. 1512ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 19ஆம் நாள், பிரெஞ்சுப் படைகள் பிரேஷா நகருக்குள் புகுந்தன. ஆயிரக்கணக்கான மக்கள் வெட்டுண்டு மாண்டனர். கோயிலுக்குள் புகுந்தால் உயிர் பிழைக்கலாம் என்றெண்ணிப் பலர் பேராலயத்தில் அடைக்கலம் புகுந்தனர். நிக்கோலோவும் அவர்களோடு இருந்தான். ஆயினும் போர்வெறி கொண்டோர்க்கு ஆலயம் என்றும் சிறுவன் என்றும் வேறுபாடு ஏது? ஒரு வீரனுடைய வாள் அவன் முகத்தில் பாய்ந்தது. தாடை பிளந்தது. மேல்வாயும் சிதைந்தது. இறந்தான் என்றே அவனை விட்டுச் சென்றனர்.

தாய் மகனைத் தேடிக் கண்டுபிடித்தாள். மருத்துவரை அழைக்கக் கையில் காசில்லை. மருந்து வாங்கவும் வழியில்லை. அடிபட்ட நாய் தன் புண்ணை நக்கி நக்கியே ஆற்றிக்கொள்வதை நினைவில் கொண்டு, அவள் மகனுடைய காயங்களை இடைவிடாது துப்புரவு செய்து வந்தாளாம். இதனைத் தார்த்தாலியாவே பிற்காலத்தில் எழுதி வைத்துள்ளார். தாயின் பொறுமையால் மகன் உயிர் பிழைத்தான். ஆனால் அவன் பேச்சு தடைப்பட்டது. நெடுங்காலம் உணவை மெல்லுவதும் சொல்லைத் தெளிவாக உச்சரிப்பதும் அவனுக்கு அரிதாயிற்று. உடன் விளையாடிய சிறுவர்கள் அவனைத் தார்த்தாலியா என்று அழைத்தனர். அவர்கள் மொழியில் அதற்குத் திக்குவாயன் என்பது பொருள்.

ஏளனமாக வைக்கப்பட்ட அப்பெயரை அவர் வெறுத்து ஒதுக்கவில்லை என்பது இங்குக் கருதத்தக்கது. வளர்ந்த பின்னர்த் தம் நூல்கள் அனைத்திலும் அப்பெயரையே தம் பெயராக அச்சிட்டார். முகத்தின் தழும்புகளைத் தாடி மறைத்தது. ஆனால் பெயரை அவர் மறைக்கவில்லை. இகழ்ச்சிக்கென இடப்பட்ட பெயர், அவருடைய அறிவினால் புகழ்ப் பெயராயிற்று.

தமக்குத் தாமே ஆசிரியர்

ஏறத்தாழ 14 வயதில் நிக்கோலோ எழுத்துக் கற்க ஓர் ஆசிரியரிடம் சென்றான். கட்டணத்தை மூன்று பகுதிகளாகச் செலுத்துதல் வேண்டும். சேரும்பொழுது ஒரு பகுதி, எழுத்து வரிசையின் நடுவில் உள்ள கே என்னும் எழுத்தை எட்டியதும் ஒரு பகுதி, முடிவில் எஞ்சியது. முதற் பகுதியை எவ்வாறோ செலுத்தியாயிற்று. கே என்னும் எழுத்து வந்தபோது கையில் ஒரு காசும் இல்லை. படிப்பு அவ்வெழுத்தோடு நின்றது. தன் பெயரைக்கூட முழுமையாக எழுதக் கற்பதற்குள் அவனுடைய பள்ளிவாழ்க்கை முடிந்துவிட்டது!

ஆனால் கற்றல் முடியவில்லை. எஞ்சிய எழுத்துகள் அடங்கிய மாதிரித் தாளை எவ்வாறோ பெற்றுக்கொண்டு, வீட்டிலேயே அமர்ந்து, ஆசிரியர் எவருமின்றி மீதி எழுத்துகளைக் கற்றான். அன்று முதல் அவனுக்கு அவனே ஆசிரியன். நூல்களே அவனுக்குத் தோழர்கள். எண்ணும் எழுத்தும் கற்றதோடு நில்லாமல், கணிதத்தின் ஆழத்தையும் தன் முயற்சியாலேயே எட்டினான்.

இளமைப் பருவம் கடக்குமுன் அவர் வெரோனா நகருக்குச் சென்று, அங்கு வணிகர்களுக்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும் கணக்குக் கற்பிக்கும் ஆசிரியரானார். 1534ஆம் ஆண்டில் வெனிஸ் நகருக்குக் குடிபெயர்ந்தார். அங்கும் கணித ஆசிரியப் பணியே அவருக்குச் சோறிட்டது. பல்கலைக்கழகப் பட்டமோ செல்வர் உறவோ அவருக்கு இல்லை. அவருடைய ஒரே உடைமை அவர் மூளையில் இருந்த கணிதம்தான். இதனை நாம் நினைவில் வைத்துக்கொள்ளுதல் வேண்டும். பின்னால் அவர் செய்த செயலுக்குக் காரணம் இதிலேயே அடங்கியிருக்கின்றது.

முப்படியின் பூட்டுத் திறந்தது

அக்காலத்துக் கணித அறிஞர்கள் தாம் கண்ட முறைகளை எளிதில் வெளியிடுவதில்லை. ஒருவரை ஒருவர் பொது மேடையில் போட்டிக்கு அழைப்பர். ஒவ்வொருவரும் மற்றவருக்குக் கணக்குகளை விடுப்பர். வென்றவருக்குப் புகழும் மாணவரும் பதவியும் வந்து சேரும். தோற்றவர் பிழைப்பை இழந்தாலும் வியப்பில்லை. ஆகவே, பிறர் அறியாத ஒரு முறையைக் கையில் வைத்திருப்பது படைவீரன் வாளை உறையில் வைத்திருப்பதற்கு ஒப்பாகும்.

பொலோனியா நகரப் பேராசிரியர் சிப்பியோனே என்பார், முப்படிச் சமன்பாட்டின் ஒரு வகைக்கு 1515ஆம் ஆண்டையொட்டி விதி கண்டிருந்தார். அவர் அதனை அச்சிடவில்லை. 1526இல் இறப்பதற்கு முன், பியோர் என்ற தம் மாணவருக்கு அதனைக் கற்பித்திருந்தார். பியோர் பெரிய அறிஞர் அல்லர். ஆயினும் தம் கையிலுள்ள இரகசியம் தம்மை எவராலும் வெல்ல முடியாதவராக்கும் என்று நம்பினார். 1535ஆம் ஆண்டில் தார்த்தாலியாவைப் போட்டிக்கு அழைத்தார். ஆளுக்கு 30 கணக்குகள் என்று முடிவாயிற்று. தோற்றவர் வென்றவருக்கு 30 விருந்துகள் அளித்தல் வேண்டும் என்பது பந்தயம்.

பியோர் விடுத்த 30 கணக்குகளும் முப்படிச் சமன்பாட்டின் அந்த ஒரே வகையைச் சேர்ந்தவை. தார்த்தாலியாவுக்கு அதன் விதி அப்பொழுது தெரியாது. நாட்கள் கழிந்தன. இரவு பகலாகச் சிந்தித்தார். முடிவு நாளுக்குச் சில நாட்களே எஞ்சியிருந்தபோது, பிப்ரவரித் திங்கள் 12ஆம் நாள் கழிந்து 13ஆம் நாள் விடியும் இரவில், விதி அவருக்குப் புலப்பட்டது. பின்னர் இரண்டு மணி நேரத்துக்குள் 30 கணக்குகளுக்கும் விடை கண்டார். அவர் விடுத்த பலவகைக் கணக்குகளோ பியோருக்குப் பெரும்பாலும் எட்டவில்லை. வெற்றி தார்த்தாலியாவுடையதாயிற்று. 30 விருந்துகளையும் அவர் வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தார்.

அவர் கண்ட விதியின் அழகை ஒரு சிறு கணக்கினால் காண்போம். ஓர் எண்ணின் கனத்தோடு அதன் 9 மடங்கைக் கூட்டினால் 26 வருகின்றது. அவ்வெண் யாது? அதாவது ய³ + 9ய = 26. இதற்கு ம, ந என்னும் இரண்டு துணை எண்களைத் தேடுதல் வேண்டும். அவற்றின் வேறுபாடு 26ஆக இருத்தல் வேண்டும். அவற்றின் பெருக்கற்பலன், 9இல் மூன்றில் ஒரு பங்காகிய 3இன் கனமாக, அதாவது 27ஆக இருத்தல் வேண்டும். எனவே ம − ந = 26; ம × ந = 27. இவ்விரண்டையும் சேர்த்தால் ம² − 26ம − 27 = 0 என்பது கிடைக்கின்றது.

உற்று நோக்குங்கள்! இது நாம் முன்னர்க் கண்ட இருபடிச் சமன்பாடே அல்லவா? சூத்திரத்தில் இட்டால், வர்க்கமூலக் குறிக்குள் 676 + 108 = 784 வருகின்றது. அதன் வர்க்கமூலம் 28. ம = (26 + 28) ÷ 2 = 27. ஆகவே ந = 1. இனி 27இன் கனமூலம் 3. 1இன் கனமூலம் 1. இரண்டின் வேறுபாடு 2. அதுவே விடை. சரிபார்ப்போம்: 2இன் கனம் 8, 2இன் 9 மடங்கு 18, கூட்டினால் 26. மிகச் சரி!

முப்படியின் பெருங்கதவைத் திறந்த திறவுகோல், இருபடியின் பழைய சூத்திரமேயாம். கீழ்ப்படியை உறுதியாகக் கற்றவனே மேற்படியில் கால் வைக்க முடியும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

வாக்குறுதியும் அதன் முறிவும்

வெற்றிச் செய்தி மிலான் நகர் வரை எட்டியது. அங்கு ஜெரோலாமோ கார்டானோ என்னும் மருத்துவர் இருந்தார். அவர் கணிதத்திலும் வல்லவர். தாம் எழுதிவந்த நூலில் சேர்த்துக்கொள்ள முப்படியின் விதியைத் தருமாறு 1539ஆம் ஆண்டில் ஒரு புத்தக வணிகர் வழியாகத் தார்த்தாலியாவைக் கேட்டார். தார்த்தாலியா மறுத்தார். தாமே ஒரு நூல் எழுதி அதில் வெளியிடப் போவதாகக் கூறிவிட்டார். கார்டானோ விடவில்லை. மிலான் ஆளுநரிடம் அறிமுகம் செய்து வைப்பதாக ஆசை காட்டித் தம் இல்லத்துக்கு அழைத்தார். பீரங்கிக் குண்டு செல்லும் வழியைப் பற்றித் தார்த்தாலியா 1537இல் நூல் வெளியிட்டிருந்தார். ஆளுநரின் ஆதரவு கிடைத்தால் வறுமை தீரும் என்று அவர் எண்ணியிருத்தல் கூடும்.

மிலானில், 1539ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், தார்த்தாலியா இறுதியில் இணங்கினார். இவ்விதியை ஒருபோதும் வெளியிடுவதில்லை என்று கார்டானோ சத்தியம் செய்த பின்னரே தாம் அதனைக் கூறியதாகத் தார்த்தாலியா எழுதியுள்ளார். விதியை அவர் ஒரு பாட்டாகக் கட்டிக் கொடுத்தார்.

கார்டானோவின் இல்லத்தில் லுதோவிக்கோ ஃபெராரி என்ற இளைஞர் இருந்தார். 14 வயதில் வேலைக்காரச் சிறுவனாக அவ்வீட்டுக்கு வந்தவர். அறிவுக்கூர்மையால் மாணவராக உயர்ந்தவர். முப்படியின் விதியைத் துணைகொண்டு அவர் 1540இல் நாற்படிச் சமன்பாட்டுக்கும் விடை காணும் வழியைக் கண்டுபிடித்தார். ஆனால் முப்படியின் விதியை வெளியிடாமல் இதனை வெளியிட இயலாது. 1543இல் ஆசிரியரும் மாணவரும் பொலோனியாவுக்குச் சென்று, மறைந்த சிப்பியோனேயின் ஏடுகளைக் கண்டனர். தார்த்தாலியாவுக்கு முன்பே அவர் அவ்விதியைக் கண்டிருந்தமை தெளிவாயிற்று. இனித் தம்மைச் சத்தியம் கட்டுப்படுத்தாது என்று கார்டானோ கருதினார். 1545ஆம் ஆண்டில் நியூரம்பர்க் நகரில் அச்சான தம் பெருநூலில் விதியை வெளியிட்டார். சிப்பியோனே, தார்த்தாலியா, ஃபெராரி ஆகிய மூவருடைய பங்கினையும் அந்நூலில் அவர் குறிப்பிடத் தவறவில்லை.

தார்த்தாலியாவின் உள்ளம் கொதித்தது. மறுஆண்டு வெளியிட்ட தம் நூலில் நடந்தவற்றையெல்லாம் எழுதிக் கார்டானோவைக் கடுமையாகச் சாடினார். கார்டானோ வாய் திறக்கவில்லை. மாணவர் ஃபெராரியே அவர் சார்பில் அறைகூவல் விடுத்தார். இருவருக்கும் இடையே மடல்கள் பறந்தன. இறுதியில் 1548ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 10ஆம் நாள், மிலான் நகரில் பெருங்கூட்டத்தின் முன்னிலையில் இருவரும் வாதிட்டனர். இளைஞராகிய ஃபெராரி நாவன்மை மிக்கவர், ஊரும் அவருடையது. தார்த்தாலியாவோ திக்கித் திக்கிப் பேசுபவர். முதல் நாள் வாதத்துக்குப் பின் அவர் மிலானைவிட்டு வெளியேறினார். தோல்வி அவருடையதென்றே ஊர் கூறியது. சொந்த ஊராகிய பிரேஷாவில் அவருக்குக் கிடைத்திருந்த விரிவுரையாளர் பணிக்கும் ஓராண்டுக்குப் பின் ஊதியம் வந்து சேரவில்லை. மனம் சோர்ந்து வெனிஸுக்கே திரும்பினார்.

இவ்வழக்கில் யார் பக்கம் நீதி? கொடுத்த வாக்கைக் காப்பது மாந்தர் கடமை. அதில் கார்டானோ தவறினார் என்றே பலரும் கருதுவர். ஆயினும், கண்ட உண்மையை ஆண்டுக்கணக்கில் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தால், அறிவுலகம் எவ்வாறு வளரும்? 1535 முதல் 1545 வரை பத்து ஆண்டுகள் தார்த்தாலியாவுக்கு வாய்ப்பு இருந்தது. தாமே முதலில் வெளியிட்டிருந்தால், அந்தப் புகழை எவரும் அவரிடமிருந்து பறித்திருக்க முடியாது. ஆனால், வறுமையில் வளர்ந்தவருக்குக் கையிலிருந்த ஒரே பொருளை விட்டுக்கொடுக்க அச்சம் வந்ததையும் நாம் உணர்ந்து இரங்குதல் வேண்டும்.

தாய்மொழியில் தந்த செல்வம்

இத்துடன் நிறுத்திக்கொண்டால் தார்த்தாலியாவுக்கு நாம் தீங்கிழைத்தவர்கள் ஆவோம். ஒன்றைப் பூட்டி வைத்த அதே கைகள், வேறொன்றை உலகுக்கு வாரி வழங்கின.

அக்காலத்தில் ஐரோப்பாவில் உயர்கல்வி நூல்கள் இலத்தீன் மொழியிலேயே இருந்தன. செல்வர் வீட்டுப் பிள்ளைகளே அம்மொழியைக் கற்றனர். தச்சரும் கொத்தரும் சிறு வணிகரும் தம் தாய்மொழியாகிய இத்தாலிய மொழியை மட்டுமே அறிவர். வடிவ கணிதத்தின் தலைநூலாகிய யூக்ளிடின் நூல் அவர்களுக்கு எட்டாத கனியாக இருந்தது. தார்த்தாலியா அந்நூலை இத்தாலிய மொழியில் பெயர்த்து 1543ஆம் ஆண்டில் வெனிஸில் வெளியிட்டார். ஐரோப்பாவில் மக்கள் பேசும் ஒரு மொழியில் யூக்ளிடின் நூல் அச்சேறியது அதுவே முதன்முறை. பழைய பதிப்புகளில் இருந்த பிழைகளையும் அவர் திருத்தினார். எழுத்துக் கற்கக் காசின்றி நடுவழியில் நின்ற சிறுவன், தன்னைப் போன்ற எளியவர்களுக்காகக் கணிதத்தின் வாயிலைத் தாய்மொழியில் திறந்து வைத்தான் என்பதை எண்ணும்போது உள்ளம் உருகுகின்றது.

தம் இறுதிக் காலத்தில், எண்ணும் அளவும் பற்றிய ஒரு பெருநூலையும் இத்தாலிய மொழியிலேயே எழுதினார். வணிகர்க்கு வேண்டும் அன்றாடக் கணக்குகள் முதல் ஆழ்ந்த கணிதம் வரை அதில் இடம்பெற்றன. அதன் முதற் பகுதி 1556இல் வெளிவந்தது. 1557ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 13ஆம் நாள், வெனிஸ் நகரில், வறியவராகவே அவர் கண்மூடினார். நூலின் இறுதிப் பகுதிகள் 1560இல் அவர் மறைவுக்குப் பின்னரே அச்சாயின.

முப்படியின் சூத்திரத்தை இன்றும் பலர் கார்டானோவின் சூத்திரம் என்றே அழைக்கின்றனர். எனினும் இருவர் பெயரையும் இணைத்துக் கூறுவோரும் உண்டு. எண்களை முக்கோண வடிவில் அடுக்கும் ஓர் அழகிய அட்டவணையைப் பிற நாட்டார் பாஸ்கல் முக்கோணம் என்று கூற, இத்தாலிய மக்கள் தார்த்தாலியா முக்கோணம் என்று இன்றும் அழைத்து மகிழ்கின்றனர். ஐந்தாம் படிக்கு இத்தகைய பொதுச் சூத்திரம் அமைய இயலாது என்பதை 1824இல் நார்வே நாட்டு இளைஞர் ஆபெல் மெய்ப்பித்தார். அவரும் வறுமையில் வாடியவரே.

நாம் பெறும் பாடம்

மாணவமணிகளே! இவ்வரலாறு நமக்குக் கூறுவது யாது? தந்தை இல்லை, பணம் இல்லை, தெளிவான பேச்சும் இல்லை என்ற நிலையிலும் ஒருவர் கல்வியைக் கைவிடாது இருந்தால், அக்கல்வி அவரைக் கைவிடாது. உடன் பயிலும் ஒருவருக்குப் பேச்சில் குறை இருந்தால், அவரை எள்ளி நகையாடாதீர்கள். அத்திக்குவாயினுள் எத்தகைய அறிவு உறங்குகின்றதோ, யார் அறிவார்?

பெற்றோர்களே! பால்மரம் வெட்டியும், கொட்டை பொறுக்கியும், வியர்வை சிந்தியும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறீர்கள். உங்களால் கணக்கைச் சொல்லிக்கொடுக்க இயலவில்லையே என்று வருந்த வேண்டா. நிக்கோலோவின் தாய் கணக்குக் கற்பித்ததாக வரலாறு கூறவில்லை. அவள் மகனைப் பிழைக்க வைத்தாள். அந்தப் பொறுமை இல்லையேல் அச்சூத்திரமும் இல்லை, அந்நூல்களும் இல்லை.

இன்னுமொன்று. தார்த்தாலியா பூட்டி வைத்த சூத்திரம் வேறொருவர் பெயரைத் தாங்கிற்று. அவர் எளிய மக்களின் மொழியில் திறந்து கொடுத்த நூலோ இன்றளவும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அறிந்த கணக்கை அறியாத தோழருக்குச் சொல்லிக்கொடுங்கள். கொடுப்பதால் குறைவது பணம். கொடுப்பதால் வளர்வது கல்வி. நம் தாய்மொழியில் எண்ணையும் எழுத்தையும் கற்கும் நாம், படிப்படியாக உயர்ந்து, கற்றதைப் பிறர்க்கும் வழங்கி வாழ்வோமாக!